ஏரியூர் மழை

பசைக்காரத் தெருவுல மட்டும் மழை பேஞ்ச கதையை யாரு கேட்டாலும் நான் என் அப்பளத்துல இருந்துதான் ஆரம்பிப்பேன், ஏன்னா அன்னைக்கு முதல்ல நனைஞ்சது அதுதான். சிவகாசியில மாசி மாசம் மழைன்னு சொன்னா கைகொட்டிச் சிரிப்பாக. வெயிலு பல்லைக் காட்டிக்கிட்டு நின்ன மத்தியான நேரம், விடியக்காலம் இருந்து இடுப்பொடியத் தேச்ச உளுந்தப்பளத்தை மொட்டை மாடியில வேட்டி விரிச்சுக் காயப்போட்டுட்டு வந்து ஒரு வாய்ச் சோத்தை அள்ளுறேன், சடசடன்னு கொட்டுது, ஓடிப்போய்ப் பாத்தா அத்தனையும் கூழு. மேல பாத்தா மேகம் இல்ல. அடுத்த தெரு மாடியில ஒருத்தி மிளகா வத்தலைக் காலால கிண்டிவிட்டுக்கிட்டு நிக்கிறா, அவ தலையில சுள்ளுனு வெயிலு. மழை எங்க தெருத் தண்ணித் தொட்டி முக்குல ஆரம்பிச்சு, டிரான்ஸ்பார்மர் கிட்ட கத்தரியால வெட்டின மாதிரி நின்னுச்சு.

அதுவும் மழைன்னா மழை மாதிரி இருக்கணும்ல? இதுல எல்லாத் துளியும் ஒரே பருமன், எல்லாம் ஒரே பக்கமாச் சாஞ்சு விழுகுது, ஒரு காத்து அடிக்குது, மின்னல் வெட்டுது, கொஞ்ச நேரம் கழிச்சு அதே காத்து, அதே இடத்துல அதே மின்னல், திரும்பத் திரும்ப, பாராமப் படிச்ச பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி. மூணாவது மின்னலுக்கெல்லாம் எங்க தெருப் பொம்பளைக காதைப் பொத்த வேண்டிய நேரத்தைக் கண்டுபிடிச்சுட்டாக. ஏன் பேயுது, எங்க இருந்து பேயுதுன்னு ஒருத்தரும் வாயைத் திறக்கலை. குழாயில தண்ணி வர்ற நாளைத் திருவிழாவாக் கொண்டாடுற தெரு எங்க தெரு, அதனால கேள்வி கேக்குறதுக்கு முன்னாடியே குடம், அண்டா, வாளி, பெயிண்ட் டப்பா, பிள்ளையைக் குளிப்பாட்டுற தொட்டின்னு அத்தனையும் வாசலுக்கு வந்துருச்சு. வயிறு எரிஞ்சது எனக்கு மட்டுந்தான்.

அந்த மழைக்குள்ள ஒரு பாட்டுச் சத்தமும் கேட்டுச்சு, புல்லாங்குழல் மாதிரி, அழுகுற மாதிரி. அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே நனைஞ்ச சேலையோட போனேன், எதிர் வீட்டு ஜெயபாண்டி வீட்டுக்குள்ள கொண்டுபோய் விட்டுச்சு. அங்க புருசனும் பொஞ்சாதியும் டிவி முன்னாடி உக்காந்து வீடியோ கேம் ஆடிக்கிட்டிருக்காக. டிவிக்குள்ளயும் மழை.

ஜெயபாண்டி எனக்குக் கொழுந்தன் முறை. கல்யாணத்துக்கு முன்னாடி பஸ் ஸ்டாண்டு பக்கம் வீடியோ கேம் கடை வச்சிருந்தான், பயலுக மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்து ஆடிட்டுப் போவாக. அந்தக் கடைக்கு வந்த ஒரே பொம்பளைப் பிள்ளை சித்ரகலா, காலேஜுல படிச்சுக்கிட்டிருந்தவ. ஆட வந்தவ ஆடிட்டுப் போக வேண்டியதுதானே, இந்தக் கேமு ஆட்டம் பிரமாதம், கதை குப்பைன்னு சொல்லியிருக்கா. அவன் அதுக்கு, கதைதான் உசிரு, சண்டைதான் குப்பைன்னு சொல்லியிருக்கான். அந்தச் சண்டை முடியாமத்தான் ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டாக. கடையை மூடிட்டு அவன் பிரஸ்ஸுல மெஷின்மேன் ஆனான், அவ வீட்டுல கம்ப்யூட்டர் வச்சுக் காலண்டர் தாள் கம்போஸ் பண்ணினா, கேம் பெட்டியும் அவுக சண்டை போட்ட கேமோட சிடித் தட்டும் பரண்ல ஏறிருச்சு. தட்டோட அட்டை என்னைக்கோ கிழிஞ்சு போச்சு, அதனால அதோட பேரு எங்களுக்குத் தெரியாது, விளக்குக் கேமுன்னுதான் சொல்லுவோம்.

போன ஆவணியில ஜெயபாண்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுச்சு. மதுரையில பெரிய டாக்டர் பாத்துட்டு, இதயம் பெருத்துப் போச்சு, ஆபரேசனைத் தாங்காது, மாத்திரைதான், இருக்கிறவரைக்கும் சந்தோசமா வச்சுக்கங்கன்னு சித்ராவைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பிட்டாரு. சித்ரா எங்கிட்டச் சொன்னா, நான் பலசரக்குக் கடை அண்ணாச்சிகிட்டச் சொன்னேன், பொழுது சாயுறதுக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு. அன்னையில இருந்து தெருவே சேந்து அவனுக்கு நல்லது செய்ய ஆரம்பிச்சுச்சு பாருங்க. பிரஸ்ஸுல அவன் ஓட்டின மெஷினை இன்னொருத்தன் கையில கொடுத்து, நீ ரெஸ்ட் எடுப்பான்னு முதுகைத் தட்டிக் கொடுத்தாக. அவன் பைக்கை, சும்மா நின்னா பேட்டரி போயிரும்னு அவன் மச்சினன் ஓட்டிட்டுப் போனான். பங்குனிப் பொங்கலுக்கு வருசா வருசம் மைக்கு பிடிக்கிறது அவன்தான், அந்த மைக்கை இந்தத் தடவை வேற ஒருத்தனுக்குப் பேசி முடிச்சாச்சு, மூச்சு வாங்கும்லங்கிற அக்கறையில. தைப்பொங்கலுக்கு அவனுக்குன்னு ஒரு வேட்டிகூட எடுக்கலை, இருக்கிறதே கட்டித் தீராதுன்னு யாரோ சொன்னாக, எல்லாரும் தலையாட்டினோம். டாக்டர் சந்தோசமா வச்சுக்கச் சொன்னாருன்னு சித்ரா பரண்ல இருந்து அந்தப் பெட்டியை இறக்கினா.

நான் போய் நின்ன கோலத்துல அப்பளத்துக்கு நியாயம் கேட்டு நாலு கேள்வி நாக்கைப் பிடுங்குற மாதிரி கேட்டிருப்பேன், அதுக்குள்ள சித்ரா, இருங்க மதினி, இவுகளுக்கு மாத்திரை நேரம்னு சொல்லிட்டு ஒரு பட்டனை அமுக்கினா. டிவியில படம் அப்படியே நின்னுச்சு. வெளிய சத்தம் கப்புனு நின்னுச்சு. வாசலுக்கு வந்து பாத்தேன், மழை விழுகாம நிக்குது. தரைக்கும் வானத்துக்கும் நடுவுல துளித்துளியா அந்தரத்துல தொங்குது, சின்னப் பிள்ளைக ஊடால புகுந்து ஒவ்வொண்ணா நாக்கால எடுத்துக் குடிக்குதுக, என் மூக்குக்கு நேரா ஒண்ணு நிக்கிது, தொட்டுப் பாத்தேன், சில்லுனு இருந்துச்சு. அவன் மாத்திரையை முழுங்கித் தண்ணி குடிச்சு முடிச்சதும் அவ மறுபடியும் பட்டனை அமுக்கினா, மழை விட்ட இடத்துல இருந்து பேஞ்சுச்சு. சரி, மழை எங்க இருந்து வருதுன்னு தெரிஞ்சுபோச்சு, இனி யாரோட சண்டை போடணும்னும் தெரிஞ்சுபோச்சு, அதுபோதும் எனக்கு.

சாயங்காலம் தெருக் கமிட்டி கூடுச்சு. பலசரக்குக் கடை தவசிமுத்து அண்ணாச்சிதான் தலைவரு. அவரு எதுக்கும் அசர மாட்டாரு, அமாவாசை பவுர்ணமி பேசுற மாதிரி, ஜப்பான்காரன் கேமுல செஞ்ச மழை, குட்டி ஜப்பான்னு பேரெடுத்த நம்ம ஊரைத் தேடி வந்திருக்கு, இதுல என்ன இருக்குன்னு முடிச்சிட்டாரு. கேமுக்குள்ள என்னென்ன சீதோஷ்ணம் இருக்குன்னு சித்ராவைக் கூப்பிட்டு விசாரிச்சாக. புல்வெளி இருக்காம், அங்க நின்னா காத்து வருமாம்; உப்புப் பாலைவனம் இருக்காம், வெயிலு; பனிமலை இருக்காம், அதைத் தொடவே கூடாதுன்னு தீர்மானம் போட்டாக. காலையில பாலைவனம், என் அப்பளத்துக்கும் மத்தவக துணிமணிக்கும். சாயங்காலம் ஏரியூர், அதுதான் கேமுல மழை பேயுற ஊரு, தெருவுக்குத் தண்ணி. இடையில ஜெயபாண்டி தூங்குற நேரம் புல்வெளியில நிறுத்திட்டுப் போகணும், தெருவுக்கே ஃபேன் போட்ட மாதிரி இருக்கும். எனக்குப் பாலைவனம் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அந்த வெயில்ல காஞ்ச அப்பளம் எண்ணெயில போட்டா பூ மாதிரி விரியும், ஒரு சொட்டு எண்ணெய் குடிக்காது.

தண்ணி எடுக்க வந்தவக அப்படியே உள்ள எட்டிப் பாத்தாக, எட்டிப் பாத்தவக உக்காந்தாக. பேச்செல்லாம் இங்கிலீசுல வரும், ஜெயபாண்டி அதைத் தமிழ்ல சொல்லுவான். ராசா பேசினா ராசா மாதிரி, கிழவன் பேசினா கிழவன் மாதிரி, மூச்சு வாங்கினா ஒரு வாய் வெந்நீ குடிச்சுட்டுச் சொல்லுவான். கதை என்னன்னா, ஒரு தேசத்துல ஒன்பது விளக்கு அணைஞ்சு போச்சு, அதைத் திரும்ப ஏத்த நாலு பேரு கிளம்புறாக. வாள் வச்சிருக்கிற ஒரு பையன், வாயே திறக்க மாட்டான். கோடாலி தூக்கின ஒரு தடியன். திருடிப் பொழச்ச ஒரு குட்டி. நாலாவது ஆளு ஓமி, படகுக்காரி, யாருக்கு அடிபட்டாலும் கையை வச்சுக் குணமாக்குறவ.

எங்க தெரு மாதிரி நொட்டை சொல்ல ஆளு கிடையாது. நாலே நாள்ல அத்தனை பேரும் அந்தக் கேமை அக்கு வேறா ஆணி வேறாப் பிரிச்சுட்டாக. ஊரைக் காப்பாத்தக் கிளம்பின பையன் அடுத்தவன் வீட்டுக்குள்ள கேக்காமப் புகுந்து பானையைத் திறந்து உள்ள இருக்கிறதை எடுத்துட்டுப் போறான், அந்த வீட்டுக்காரி பாத்துக்கிட்டே நின்னு, இன்னைக்கு நல்ல வெயிலுங்கிறா, நானா இருந்தா விளக்குமாத்தை எடுத்திருப்பேன். ஒரு ஆளு அடிச்சு முடிக்கிறவரைக்கும் அடுத்த ஆளு கையைக் கட்டி நிக்கிறான், இந்த ஒழுங்கு தண்ணி லாரி வந்தா எங்க போச்சுன்னு அண்ணாச்சி கேட்டாரு. சத்திரத்துல ஒரு ராத்திரி படுத்து எந்திரிச்சா எல்லாக் காயமும் ஆறிருது, அந்த இடம் வந்தப்ப மட்டும் யாரும் ஒண்ணும் சொல்லலை, ஜெயபாண்டியே சிரிச்சுட்டு, நல்ல சத்திரம், விலாசம் கேட்டு வை சித்ராங்கான்.

அவுக ரெண்டு பேரும் போட்ட சண்டைதான் எல்லாத்தையும் விட ருசி. சின்ன வயசுல ஆகா ஓகோன்னு ஆடினதை இப்பத் திரும்ப ஆடிப் பாக்கிறப்போ, இது இவ்வளவு மட்டமா இருந்துச்சா, இது இவ்வளவு நல்லா இருந்துச்சான்னு ரெண்டு பேருக்கும் ஆச்சரியம். வில்லன் பேசுற பேச்சை அன்னைக்கு மனப்பாடம் பண்ணினானாம், இன்னைக்குக் கேட்டா எலெக்சன் மேடைப் பேச்சா இருக்குன்னு ஜெயபாண்டியே ஒத்துக்கிட்டான். நாலடி வச்சா ஒரு தவளை குறுக்க விழுந்து சண்டைக்கு நிக்குது, இதை எப்படிப் பொறுத்துக்கிட்டோம்னு அவன் கேட்டா, அந்தத் தவளையை அடிச்சு அடிச்சுத்தான் இந்த நாலு பேரும் தேறணும், யாரை முன்ன நிறுத்துறது, யாருக்கு எந்தச் சட்டை, யார் கையில எந்த ஆயுதம், யாரை எவ்வளவு வளக்குறது, இதுதான் ஆட்டம், கதை சும்மா பொட்டலம் மடிச்ச பேப்பருன்னு அவ எகிறுவா. அவன் சிரிப்பான், சிரிச்சா இருமல் வரும், அவ உடனே சண்டையை நிறுத்திருவா. அதுதான் அவனுக்குப் பிடிக்காது. இருமினா என்ன, நீ பேச வந்ததைப் பேசுன்னு முகத்தைத் திருப்பிக்குவான்.

ஏரியூருக்கு என்னைக்கும் மழைதான், ஏன்னா அந்த ஊரு விளக்கு ஏரிக்கு அடியில அணைஞ்சு கிடக்கு. ஒரு நாள் யாரோ வாயைப் பிடுங்க, அந்த விளக்கை யாரு ஏத்துறான்னு ஜெயபாண்டி சொல்லிட்டான். ஓமிதான் ஏத்துறா. உள்ள போனவ வர மாட்டா. விளக்கு எரிஞ்சதும் மழை நின்னுரும், அதுக்கு மேல அந்தக் கேமுல மழையே கிடையாது. இதைக் கேட்டதும் எங்க தெருவுக்குப் பாதி துக்கம் ஓமிக்காக, மீதி துக்கம் குடத்துக்காக. பொய் சொல்லுவானேன்.

மறுநாளே அண்ணாச்சி வாழைப்பழச் சீப்போட வந்து உக்காந்தாரு. பாண்டி, அந்த ஏரிக்கரையிலயே சுத்திச் சுத்தி நில்லுங்கப்பா, அந்தப் பிள்ளையும் பொழச்சுக்கிடும், நாங்களும் பொழச்சுக்கிடுவோம்னு கேட்டுக்கிட்டாரு. சித்ரா டக்குனு சரின்னுட்டா. அவளுக்கும் அதுதான் வேணும். போகப் போக எனக்கு அது விளங்குச்சு. ஏரிக்கு இந்தப் பக்கமே தவளை அடிச்சுக்கிட்டு, ஓமியை ஏரிக்குள்ள கொண்டுபோற படகுத்துறைப் பக்கம் போகாம, மழை பேஞ்சுக்கிட்டே, நாளு நகராம அப்படியே நின்னுட்டா போதும்னு இருந்தா அவ. பங்குனி பிறந்துச்சு. தண்ணித் தொட்டி நிறைஞ்சு வழிஞ்சுச்சு, முருங்கை தளதளன்னு வந்துச்சு, ஜெயபாண்டிக்குக் கால் வீங்க ஆரம்பிச்சுச்சு, ரெண்டு தலகாணி வச்சுச் சாஞ்சாத்தான் தூக்கம் வந்துச்சு.

ஒரு சாயங்காலம், வீடு நிறையத் தண்ணிக்கு வந்த கூட்டம் உக்காந்திருக்கு, அவன் வசனம் சொல்லுறதை நிறுத்திட்டான்.

“எனக்கு இந்தக் கதையோட முடிவைப் பாக்கணும், அண்ணாச்சி. கடை வச்சிருந்தப்ப எவன் ஆடினாலும் முடிவு வர்ற நேரம் எனக்குக் கல்லாவுல வேலை இருக்கும். நான் ஒரு தடவைகூட முழுசாப் பாத்ததில்ல.”

அண்ணாச்சி சட்டுனு தலையாட்டி, அதுக்கென்னப்பா, உன் ஆசைதான் பெருசு, மழை கிடக்குது மழை, நீ பாருன்னு குரலைத் தாழ்த்திச் சொன்னாரு, நோயாளி கிட்டப் பேசுற அந்தக் குரல்ல. கூட்டம் முழுக்க அதே குரல்ல ஆமாப்பா ஆமாங்குது. கேட்டது கிடைச்ச மனுசன் முகம் மாதிரியே இல்ல அவன் முகம், அடி வாங்கின மாதிரி சுண்டிப்போச்சு. நான் அதைப் பாத்தேன்.

மறுநாள் மத்தியானம் அப்பளக் கட்டு கொடுக்கப் போனப்ப வீட்டுல அவுக ரெண்டு பேரு மட்டுந்தான். சித்ரா கேமுல படகுத்துறைக்குப் போறதுக்கு முன்னாடி, யார்கிட்ட என்ன இருக்குன்னு காட்டுற சாமான் பக்கத்தைத் திறந்து வச்சு என்னமோ மும்முரமாச் செஞ்சுக்கிட்டிருக்கா. ஓமி படம் ஓரத்துல நிக்குது. அவ போட்டிருந்த நீலப் போர்வை போச்சு, அது திருட்டுக் குட்டி தோள்ல ஏறிருச்சு. கையில இருந்த வெள்ளிக் கம்பு போச்சு. மோதிரம் போச்சு. கடைசியில ஒரு பழைய துணியோட அந்தப் பிள்ளை வெறுங்கையா நிக்கிறா. எனக்குப் பாவமாப் போச்சு, ஏன் தாயி இப்படின்னு கேட்டேன். அவ திரையில இருந்து கண்ணை எடுக்காம விவரம் சொன்னா, ஏரிக்குள்ள போறப்ப ஓமி மேல கிடக்கிறது எல்லாம் அவளோடயே போயிருமாம், திரும்பக் கிடைக்காதாம், அதனால முதத் தடவை ஆடுறவன்தான் ஏமாறுவானாம், ரெண்டாந்தடவை ஆடுற விவரமானவக எல்லாரும் முன்கூட்டியே கழட்டி மத்தவகளுக்கு மாத்திருவாகளாம். ரொம்ப நாளாவே அவளைப் பின்னாடி வரிசையில நிறுத்தித்தான் வச்சிருக்காளாம், போறவளைப் போய் எதுக்கு வளக்கணும்.

அவன் தலகாணியில சாஞ்சபடி எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருந்தான்.

“அதுக்குள்ளயா, சித்ரா?”

அவ்வளவுதான் கேட்டான். கோவமெல்லாம் இல்ல, சோறு வேகுறதுக்குள்ள இறக்கிட்டியான்னு கேக்குற மாதிரிதான் கேட்டான். சித்ரா கை அந்தரத்துல நின்னுச்சு. நான் அப்பளக் கட்டை அப்படியே மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டேன்.

“மெஷினை எடுத்தாக, பைக்கை எடுத்தாக, மைக்கை எடுத்தாக. எல்லாம் என் நல்லதுக்குத்தான், நான் யாரையும் குத்தம் சொல்லலை. ஆனா அவ இன்னும் ஏரிக்குள்ள போகலையே. இந்த நிமிசம் கரையிலதானே நிக்கிறா.”

சித்ரா அழுத அழுகையை நான் அவ அம்மா செத்தப்பகூடப் பாத்ததில்ல. ஆவணியில இருந்து அடக்கி வச்சது, மாத்திரை டப்பாவும் வெந்நீருமா ஓடிக்கிட்டே அழ நேரமில்லாமக் கிடந்தது, அத்தனையும் வந்துச்சு. பயமா இருக்குங்க, பயமா இருக்குங்கன்னு அதையே சொல்லிச் சொல்லி அழுதா. எனக்கும் பயமாத்தான் இருக்கு, கிட்ட வந்து உக்காருன்னு அவன் சொன்னான். நானும் அழுதேன், அதை ஏன் மறைக்கணும், உளுந்து வாசமடிக்கிற முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழுதேன். கேமை நிறுத்தி வச்சிருந்ததால வெளிய மழை அசையாமத் தொங்கிக்கிட்டிருந்துச்சு.

அழுது முடிச்சு மூக்கைச் சிந்திட்டு, சித்ரா ஒவ்வொண்ணாத் திரும்ப மாட்டினா. போர்வை, கம்பு, மோதிரம். அதோட விடலை. ஓமியைப் பின் வரிசையில இருந்து முன்னாடி கொண்டாந்து நிறுத்தி, படகுத்துறைக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத் திரும்பி நடந்தா, தவளையைத் தேடி.

நான் சும்மா இருப்பேனா? நேரா அண்ணாச்சி கடைக்குப் போய், நடந்ததைச் சொல்லி, நம்ம செஞ்சது என்னன்னு தெரியுதான்னு கேட்டு ஒரு பாட்டம் தீர்த்துட்டேன், சாமான் வாங்க வந்தவகளுக்கும் சேத்து. அண்ணாச்சி தராசையே பாத்துக்கிட்டு நின்னாரு. மறுநாள் காலையில மச்சினன் பைக்கைத் துடைச்சுக் கொண்டாந்து வாசல்ல நிறுத்திட்டு, அத்தான், நான் ஓட்டுறேன் நீங்க பின்னாடி உக்காருங்கன்னு சொன்னான், ஜெயபாண்டி, நான் ஓட்டுறேன் நீ பின்னாடி உக்காருன்னான், தெரு முக்குவரைக்கும் ஓட்டிட்டு வந்து வியர்த்து விறுவிறுத்து உக்காந்தான், முகம் அப்படியே பளிச்சுனு இருந்துச்சு. பிரஸ்ஸுல இருந்து ஆளு வந்து, சாமி படத்துல சிவப்பு சரியா விழ மாட்டேங்குது, நீ வந்து ஒரு எட்டுப் பாருன்னு கூட்டிட்டுப் போனாக, அவன் போய் அரை மணி நேரம் எல்லாரையும் திட்டி வஞ்சுட்டு வந்தான். பொங்கல் மைக்கு அவன் கைக்கே வந்துச்சு. ரெண்டு வார்த்தைக்கு ஒருக்க மூச்சு வாங்கினான், கூட்டம் அந்த இடைவெளியில காத்துக்கிட்டு நின்னுச்சு, யாரும் மைக்கை வாங்க வரலை. உடம்பு ஒண்ணும் தேறலை, கால் வீக்கம் வத்தலை, அதிசயம் நடந்துருச்சுன்னு நினைச்சுக்காதீக. அவன் இருந்தான், அவ்வளவுதான்.

ஓமி வளந்தா பாருங்க, அதுதான் வளத்தி. தெருவே மாறி மாறி வந்து உக்காந்து, அந்த மருந்தைக் கொடு, அந்தக் கல்லைப் பதி, அந்தப் பாம்பு மேல விடு, அவ தாங்குவான்னு யோசனை சொல்லும். சித்ரா அரிதான சாமான் எல்லாத்தையும் ஓமிக்கே கொடுத்தா, கடைசிச் சண்டைக்குன்னு சேத்து வச்சிருந்ததைக்கூட. இது அநியாய விரயம், கேம் ஆடத் தெரிஞ்சவன் எவனாவது பாத்தா சிரிப்பான்னு அவளே சொல்லிக்கிட்டு, அடுத்ததையும் எடுத்துக் கொடுத்தா. முன்னாடி ஒரு தவளைக்குச் சுருண்டு விழுந்தவ, இப்பத் தனியா நின்னு மலைப்பாம்பைச் சாய்ச்சா. அவ ஜெயிச்சா கையை உசத்தி ஒரு சுத்துச் சுத்துவா, நாங்க அதை அன்னைக்குத்தான் முதல்ல பாத்தோம், ஏன்னா பின் வரிசையில நின்னவளுக்குச் சுத்த வாய்ச்சதே இல்ல.

சித்திரை பிறக்குறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம், யாரும் சொல்லாமலே, போவமான்னு அவ கேட்டா, போவம்னு அவன் சொன்னான். தெரு குடத்தையெல்லாம் நிரப்பி ஓரமா வச்சுட்டு உள்ள வந்து உக்காந்துச்சு, இடம் பத்தாம சன்னல்லயும் வாசப்படியிலயும் நின்னுச்சு. படகு போச்சு. ஓமி எந்திரிச்சு நின்னா, வாள்காரப் பையன் அப்பவும் வாயைத் திறக்கலை, அவனை எங்க தெரு வஞ்ச வசவை இங்க எழுத முடியாது. ஓமி பேசினதை ஜெயபாண்டி நிறுத்தி நிறுத்திச் சொன்னான். நான் கரையைப் பாத்துட்டேன், போதும், நீங்க நடங்கங்கிறா. நீலப் போர்வையோட, வெள்ளிக் கம்போட, மோதிரத்தோட, அத்தனை பலத்தோட அந்தப் பிள்ளை தண்ணிக்குள்ள இறங்கினா. நாங்க வளத்த வளத்திக்குக் கதை ஒரு வார்த்தையைக்கூட மாத்தலை. அடியில இருந்து வெளிச்சம் ஏறி வந்துச்சு. தெருவுல மழை நின்னுச்சு, இந்தத் தடவை தொங்காம, கடைசித் துளிவரைக்கும் விழுந்து நின்னுச்சு. நாலு பேரு நின்ன இடத்துல மூணு பேரு நின்னாக.

சித்ரா பட்டன் அமுக்குற கைப்பெட்டியை மடியில வச்சுக்கிட்டா. அவ வாயில இருந்து நான் கேப்பேன்னு நினைக்கலை, இந்தக் கதையை எவனாவது மாத்தி எழுதக் கூடாதான்னு கேட்டா, ஆட்டந்தான் பெருசுன்னு வருசக்கணக்காச் சண்டை போட்டவ. ஜெயபாண்டி திரையில நின்ன மூணு பேரைப் பாத்தான்.

“கதை மோசந்தான்” அப்படின்னான். “ஆனா நீ நல்லா வளத்திருக்க.”

கூட்டம் கலையுற நேரம் அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கிட்டு, இன்னும் ஆறு விளக்கு பாக்கி இருக்கே, நாளைக்குக் காலையிலயே உக்காந்துருங்க பாண்டி, சீக்கிரமா முடிவைப் பாத்துருவம்னாரு. அவனும் ஆமான்னு சித்ரா மூஞ்சியைப் பாத்தான்.

“நாளைக்கெல்லாம் முடியாது, அண்ணாச்சி” அப்படின்னா சித்ரா. “நாளைக்கு ரேசன் கடையில பாமாயில் போடுறாக. எனக்குக் கம்போசிங் வேலை கிடக்கு. இவுகதான் போகணும்.”

அவன் அவளைப் பாத்த பார்வையை நான் எப்படிச் சொல்லுறது, அவ முதல்ல கடைக்கு வந்தப்பகூட அவளை அப்படிப் பாத்திருக்க மாட்டான். மறுநாள் காலையில மழையில்லாத தெரு வழியா அப்பளத்துக்கு உளுந்து வாங்கப் போனேன். ரேசன் கடை வரிசையில ஜெயபாண்டி பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கிட்டு, எண்ணெய் டப்பாவைக் காலுக்கிடையில வச்சுக்கிட்டு, ஊடால புகுந்த ஒரு ஆளுகிட்ட மூச்சு வாங்க மூச்சு வாங்கச் சண்டை போட்டுக்கிட்டிருந்தான்.